வேடிக்கை பார்க்க விடாத ஊர்கள்: அயர்லாந்தில் பன்னிரண்டு நாள்

ஜூலை 9, 2025, புதன் – டப்ளின்

விமான நிலையத்திலிருந்து அக்கா மகளின் வீட்டுக்குப் போகும் மாடிப் பேருந்தில் நான் முதலில் கவனித்தது, இறங்குகிறவர்கள் ஒருவர் விடாமல் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கியதைத்தான். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞன், கைத்தடி ஊன்றிய பாட்டி, வேலை முடிந்து அரைத் தூக்கத்தில் இருந்த தொழிலாளி என எல்லாரும் சொன்னார்கள். நடுக்கதவு வழியாக இறங்கியவர்கள்கூட முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்கள். கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாகப் பேருந்தில் போய்வந்தவன் நான். சில்லறைக்காக நடத்துநரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேனே தவிர, யாருக்கும் நன்றி சொன்ன நினைவு இல்லை. எங்கள் நிறுத்தம் வந்ததும் எனக்கும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் கூச்சம் தொண்டையை அடைத்துக்கொண்டது.

அக்கா மகள் இங்கே செவிலியராகப் பணிபுரிகிறாள். நான் கொண்டுவந்திருந்த இரண்டு மழைச்சட்டைகளையும் கம்பளிச் சட்டையையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாமா, நாளை மறுநாளிலிருந்து வெயில் கொளுத்தப் போகிறதாம், பாவம் நீங்கள்" என்றாள். இரவு உணவு பெட்ரோல் பங்க்கோடு ஒட்டிய கடையில் வாங்கியது: நீள ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, பொரித்த கோழித்துண்டும் கீரை இலையும் அடைத்துக் கொடுக்கிறார்கள். விலை ஆறரை யூரோ. 'சிக்கன் ஃபில்லெட் ரோல்' என்ற இதைத்தான் இன்றைய அயர்லாந்தின் தேசிய உணவென்று இளைஞர்கள் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்கிறார்களாம். காரம் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டும் என்றேன். காரம் இல்லை.

ஜூலை 10, வியாழன் – குரோக் பார்க்

82,300 பேர் உட்காரவும் நிற்கவும் இடமுள்ள ஒரு விளையாட்டரங்கம். அதில் ஆடுகிற ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. இந்தச் செய்தியை உள்வாங்கிக்கொள்ளவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆகிய அயர்லாந்தின் சொந்த ஆட்டங்கள் இரண்டையும் நடத்தும் கேலிக் விளையாட்டுக் கழகம் 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி மாவட்டத்தின் தர்லஸ் ஊரில், ஹேஸ் விடுதியில் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் தொடங்கியது. மைக்கேல் கியூசாக் அதன் முதன்மை மனிதர். ஆங்கிலேயர் ஆட்டங்கள் ஊர்ப்புறங்களைப் பிடித்துக்கொண்டு வந்த காலத்தில், தம் ஆட்டங்களுக்கு விதியும் அமைப்பும் தந்து காப்பாற்ற வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். இன்றும் ஆசிரியரும் விவசாயியும் மின்பணியாளரும் வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்குப் போகிறார்கள். பிறந்து வளர்ந்த ஊரின் சங்கத்துக்கும் மாவட்டத்துக்கும் ஆடுகிறார்கள். பணம் கொடுத்து ஆளை வாங்கும் ஏலமெல்லாம் இல்லை.

அருங்காட்சியகத்தில் அதிக நேரம் நின்ற இடம் 1920 நவம்பர் 21 பற்றிய பகுதி. டப்ளினுக்கும் டிப்பரேரிக்கும் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் உள்ளே புகுந்து சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆட்டக்காரர், டிப்பரேரியின் மைக்கேல் ஹோகன். அரங்கின் முதன்மைப் பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கழக உறுப்பினர் ரக்பியோ, சாக்கர் எனப்படும் ஆங்கிலேயர் கால்பந்தோ ஆடக்கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது என்ற தடை 1971 வரை இருந்ததற்கு இதெல்லாம் பின்னணி. அதே மைதானத்தில் 2007 பிப்ரவரியில் இங்கிலாந்து ரக்பி அணி வந்து நின்று, அதன் நாட்டுப்பண் ஒலித்தபோது கூட்டம் கூச்சல் போடாமல் மரியாதையாகக் கேட்டது. பிறகு ஆட்டத்தில் அயர்லாந்து அணி 43–13 என்று தோற்கடித்து அனுப்பியது. மரியாதைக்கும் குறைவில்லை, கணக்கும் பாக்கி இல்லை.

கடைசி அறையில் பார்வையாளர்களே மட்டை பிடித்துப் பார்க்கலாம். ஹர்லி மட்டையின் அகன்ற நுனியில் 'ஸ்லிட்டர்' எனப்படும் தோல் பந்தைத் தூக்கி, அது கீழே விழுவதற்குள் அடிக்க வேண்டும். ஐந்து முறை வீசினேன், ஐந்து முறையும் காற்றுக்குத்தான் அடி விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற எட்டு வயதுச் சிறுமி, "பந்தைப் பாருங்கள், மட்டையைப் பார்க்காதீர்கள்" என்று திருத்தினாள். ஆறாவது முறை பந்து விளிம்பில் பட்டுத் தெறித்து அவளுடைய தந்தையின் முழங்காலில் விழுந்தது. அவர் "நல்ல அடி" என்றார்.

ஜூலை 11, வெள்ளி – கிளேர் மாவட்டம்

வானிலைக்காரர்கள் சொன்னது பலித்துவிட்டது. 27, 28 டிகிரிதான். ஆனால் இங்கே வீடுகள் வெப்பத்தை வெளியே விடாதபடி கட்டப்பட்டவை, மின்விசிறி என்பதே கிடையாது. என்னிஸ் நகரில் இறங்கி, மில்டவுன் மால்பேக்குப் போகிற பேருந்துக்காக நிழலில்லாத நிறுத்தத்தில் நின்றோம். கைபேசி ஐந்து நிமிடம் என்றது, பிறகு மூன்று நிமிடம் என்றது, பிறகு அந்தப் பேருந்தே பட்டியலிலிருந்து மறைந்துபோனது. வந்ததும் இல்லை, வராது என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வேன் நின்றது. குழாய் வேலை செய்பவர்; வண்டியின் பின்பக்கம் குழாய்களுக்கும் முடுக்கிகளுக்கும் நடுவே ஓர் அறுகோணப் பெட்டி. அதற்குள் கன்செர்ட்டினா என்ற சிறு கைத்துருத்தி இசைக்கருவி இருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை, "வில்லி வாரத்துக்குத்தானே?" என்றார். வில்லி கிளான்சி என்ற, பைப் எனும் துருத்திக்குழல் வாசித்த இசைக் கலைஞர் 1973 ஜனவரியில் இறந்தார். அந்த ஆண்டே அவர் பெயரில் அவர் ஊரில் தொடங்கிய கோடை இசைப்பள்ளி இன்றும் ஜூலை மாதத்தில் நடக்கிறது. வழிநெடுக எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் ஓர் அங்குலம் உயர்த்தினார், எதிர்வண்டிக்காரரும் உயர்த்தினார். எல்லாரும் தெரிந்தவர்களா என்று கேட்டதற்கு, "தெரிந்தவர் என்றால் இரண்டு விரல்" என்று பதில் வந்தது.

ஊருக்குள் அறை கிடைக்காததால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணைவீட்டில் தங்கல். வீட்டுக்கார அம்மாள் தேநீர் வேண்டுமா என்றார். சிரமப்படுத்த வேண்டாமென்று மறுத்தேன். மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தேன். மூன்றாவது முறை கேட்காமலே கோப்பை வந்துவிட்டது. எங்கள் பாட்டி வீட்டுச் சட்டமும் இதுதான்.

ஜூலை 12, சனி – மில்டவுன் மால்பே

ஒரே ஒரு பெரிய தெருவைக் கொண்ட ஊர் இது. பள்ளிக்கூடம், அரங்கு, யாரோ ஒருவர் வீட்டு முன்னறை என எங்கு இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் வாரம் முழுவதும் வகுப்பு நடந்திருக்கிறது. பிடில், குழல், கன்செர்ட்டினா, நடனம், பைப்புக்குச் சீவாளி செய்வது என எல்லாவற்றுக்கும் வகுப்பு உண்டு.

சீவாளி என்று நான் உவமைக்காக எழுதவில்லை. 'இலன்' பைப் என்ற இந்த ஊர்க்கருவியை ஊதுவதில்லை. வலக்கை முழங்கையின் கீழ் சிறு துருத்தியைக் கட்டிக்கொண்டு, அதை அமுக்கி, இடக்கை இடுக்கில் உள்ள தோல்பைக்குக் காற்றை அனுப்புகிறார்கள். இலன் என்றால் அயர்லாந்து மொழியில் முழங்கை. விரல்வைத்து வாசிக்கும் குழலின் தலையில், இரண்டு நாணல் இதழ்களைச் சேர்த்துக் கட்டிய சீவாளி இருக்கிறது. மடியில் கிடக்கும் மூன்று குழல்கள் விடாமல் ஒரே சுருதியை இழுக்கின்றன. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுகிறவரை மடியில் படுக்கவைத்துக்கொண்டது போல! சீவாளி செய்பவர் ஒருவரிடம், எங்கள் ஊரிலும் நாணலைச் சீவித்தான் செய்கிறோம் என்றதும், அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் என்னை விடவில்லை: எந்த நாணல், எப்போது அறுப்பது, எவ்வளவு நாள் உலர்த்துவது? எனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியைத் தஞ்சாவூர்ப் பக்கத்து நாயனக்காரர்களிடம் இத்தனை ஆண்டில் கேட்டுவைத்திருக்கலாம். கச்சேரி கேட்டேனே ஒழிய அதைக் கேட்கத் தோன்றியதில்லை. ஈரப்பதம் மாறினால் சீவாளி மனிதரைப் படுத்தும் பாட்டில் மட்டும் இரண்டு பேருக்கும் முழு உடன்பாடு இருந்தது. அன்றைய வெயிலில் ஊரிலிருந்த பைப் எல்லாமே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தன. நாட்டின் நடுப்பகுதியில் 30 டிகிரியைத் தாண்டிவிட்டதென்று வானொலி சொன்னது.

மாலை ஒரு பப்புக்குப் போனோம். மதுக்கடை என்று எழுதினால் டாஸ்மாக் நினைவுக்கு வரும்; இங்கே பாட்டியும் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், தேநீர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள் (மூன்று யூரோ), 2004 மார்ச் 29 முதல் புகையும் கிடையாது. கூட்டம் பிதுங்கியது. மூலையில் மட்டும் ஒரு நாற்காலி காலியாக இருக்கக் கண்டு, என் அதிர்ஷ்டத்தை மெச்சியபடி அதில் உட்கார்ந்தேன். பிடிலோடு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள், வெயில் எப்படி, பயணம் சுகமா என்றெல்லாம் நின்றபடியே விசாரித்தார். பிறகு அந்த ஜன்னல் பக்கம் நல்ல காற்று வருகிறது என்றார். கொஞ்சம் பொறுத்து, அங்கிருந்து கேட்டால் ஓசை இன்னும் நன்றாயிருக்கும் என்றார். பத்து நிமிடம் கழித்தே எனக்கு உறைத்தது: அந்த மூலை முழுவதும் வாசிப்பவர்களுடையது, நான் உட்கார்ந்திருப்பது அவர் நாற்காலி. "எழுந்திரு" என்ற சொல்லை இவர்களிடமிருந்து கேட்க மறுபிறவி எடுக்க வேண்டும்.

ஜன்னலோரம் நின்று பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. வாசிப்பவர்கள் வட்டமாக ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குத் தெரிவது பாதிப்பேரின் முதுகு. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, அறிவிப்பு இல்லை. ஒருவர் தொடங்குகிறார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். ஜிக் என்ற மெட்டுவகை நம் திஸ்ர நடைபோலத் துள்ளுகிறது, ரீல் என்ற வகை சதுஸ்ரத்தில் ஓடுகிறது. ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாவலில் ஆட்டுத்தோல் கட்டிய பௌரான் என்ற முழவு ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி விழும்போது வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. நான் அந்த இடத்தில் கைதட்டிவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா மகள் மட்டும் என் முழங்கையைப் பிடித்தாள்.

வேன்காரர் கன்செர்ட்டினாவோடு அங்கே இருந்தார். இந்தப் பப் வழக்கம் ஆதிகாலத்துச் சங்கதி இல்லையென்று இடைவேளையில் சொன்னார். இசையும் ஆட்டமும் முன்பு வீட்டுச் சமையலறையில்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன அயர்லாந்துக்காரர்களுக்குச் சமையலறை இல்லாததால் பப்பில் கூடினார்கள், அங்கிருந்து அது ஊர் திரும்பியது. ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டாக்கிய மரபு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் என்னவெல்லாம் உண்டாக்கினார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்து வந்தேன். இரவு பதினொரு மணிக்கும் மேற்கு வானில் வெளிச்சம் மிச்சமிருந்தது.

ஒரு குறையையும் எழுதிவிடுகிறேன். இங்கே ஒருவர் உங்களுக்குப் பானம் வாங்கிக்கொடுத்தால், அடுத்த சுற்று உங்களுடையது. இது எனக்குத் தெரியாது. மூன்று பேர் அடுத்தடுத்து வாங்கிக்கொடுத்ததை அயர்லாந்தின் விருந்தோம்பல் என்று எண்ணிப் பூரித்துப்போய் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அக்கா மகள் சொன்னபோது தலையைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு – ஸ்பானிஷ் பாயிண்ட்

காலையில் கடற்கரை. 1588இல் ஸ்பெயினின் போர்க்கப்பல்கள் இந்தப் பக்கம் உடைந்ததால் வந்த பெயர். ஊரே தண்ணீரில் கிடந்தது. நான் முழங்கால் வரை இறங்கிவிட்டுக் கரையேறினேன். நம் கடல் குளிப்பாட்டும், இந்தக் கடல் கடிக்கிறது. கரையில் ஒரு பெண்மணி காகிதப் பையில் வேகவைத்த கருநிறக் கடல்நத்தைகளும் உலர்ந்த செந்நிறக் கடற்பாசியும் விற்றார். நத்தையை எடுக்க ஒரு குண்டூசியும் சேர்த்துத் தருகிறார். குண்டூசியால் குத்திச் சுழற்றி இழுத்தால் சுருள் சுருளாக வெளியே வருகிறது. கடலையே மென்று விழுங்கியதுபோல் உப்பு.

இரவு கேய்லி நடனம். எட்டுப் பேர், நான்கு ஜோடிகள், சதுரமாக நின்று ஆடுவதை 'செட்' என்கிறார்கள். ஓரமாக நாற்காலி தேடி உட்கார்ந்தேன். எழுபது வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள் வந்து கையை நீட்டினார். தெரியாது என்றேன். "உட்கார்ந்திருந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டபடியே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த பதினைந்து நிமிடம் நான் ஆடவில்லை, என்னை ஆட்டினார்கள். தவறான பக்கம் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு கை தோளைப் பிடித்துச் சரியான பக்கம் தள்ளிவிட்டது. கிளேர்காரர்களின் கால்கள் தரையை அடிக்கும் அடி, நட்டுவாங்கத் தட்டுக்கழியின் கறார்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் பழங்கதை சொன்னார். சமையலறைக் கல்தளத்துக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்தால் காலடி ஓசை கணீரென்று எழும் என்று அந்தக் காலத்தில் புதைப்பார்களாம். பாதிரியார்களுக்கு இந்த வீட்டு ஆட்டங்கள் பிடிக்கவில்லை. 1935இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்து, உரிமம் பெற்ற கூடத்தில்தான் ஆடலாம் என்றானது. வீட்டில் ஆடியவர்கள்மேலும் அதைப் பாய்ச்சினார்கள். ஆட்டம் கூடத்துக்குப் போனது, கூடம் பெரிதானதால் ஒற்றைப் பிடில் போதாமல் போனது, பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் கேய்லி இசைக்குழுக்கள் பெருகின. சட்டம் போட்டவர்கள் நினைத்தது வேறாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள் – மழை

வெயில் ஓய்ந்து மழை பிடித்துக்கொண்டது. நம் மழைபோல் கொட்டவில்லை. காற்றில் ஈரத்தைத் தூவிவிட்டதுபோல் நாள் முழுக்கப் பொசபொசவென்று பெய்தது. இதை இங்கே 'மென்மையான நாள்' என்று சொல்கிறார்கள். என் மழைச்சட்டைக்கு ஒருவழியாக வேலை வந்தது.

மதியம் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும், மசித்த உருளைக்கிழங்கும், அதன் பக்கத்திலேயே வறுத்த உருளைக்கிழங்கும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு வைப்பதுபோல. ஆனால் வீட்டில் சுட்ட சோடா ரொட்டியில் உப்பு வெண்ணெய் தடவிச் சாப்பிட்டதை, கும்பகோணம் டிகிரி காப்பிக்கு நிகராகவே வைக்கிறேன்.

மாலை அக்கம்பக்கத்தார் நால்வர் சீட்டாட வந்தார்கள். ஆட்டத்தின் பெயர் 'இருபத்தைந்து'. ஆளுக்கு ஐந்து சீட்டு, பிடிக்கு ஐந்து புள்ளி, முதலில் 25 எடுப்பவர் கெலித்தார். துருப்பில் அஞ்சுதான் ராஜா, அடுத்தது ஜாக், அதற்கடுத்தது எந்தத் துருப்பாக இருந்தாலும் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஆஸ். எண் சீட்டுகளில் சிவப்பில் பெரியது உசத்தி, கறுப்பில் சிறியது உசத்தி. முந்நூற்று நான்கு ஆடிப் பழகி, ஜாக்கைத் தலைமேல் வைத்தே யோசிக்கும் எனக்கு அஞ்சுக்குப் பணியவே மனம் வரவில்லை. அது போதாதென்று, சின்னத் துருப்பு இறங்கினால் இந்த மூன்று பெரிய துருப்புகளைப் போடாமல் ஒளித்துவைக்கவும் உரிமை உண்டு. மூன்றரை யூரோ தோற்றேன். தொகை சிறிதுதான், ஆனால் நான் தவறாக இறக்கிய ஒரு சீட்டைப் பற்றி ஒரு விவசாயி ஒரு மணி நேரம் கழித்தும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சீட்டுக் கட்டை எடுத்து வைத்ததும் பாட்டு. இதற்கும் ஒரு முறை உண்டு: பாடி முடித்தவருக்கு அடுத்து பாட ஆளைச் சுட்டும் உரிமை, சுட்டப்பட்டவர் மறுக்கக் கூடாது. குரல் நன்றாயிருக்கிறதா என்பது பேச்சே இல்லை. பெருமூச்சு விட்ட விவசாயி, கரகரத்த குரலில் பத்துச் சரணம் பாடிவிட்டு என்னைச் சுட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்த சினிமாப் பாட்டுகள் நூறு இருக்கும்; ஒன்றையும் முழுசாகத் தெரியவில்லை, பல்லவிக்குப் பிறகு எல்லாமே "லாலா"தான். கடைசியில் அம்மா பாடிய தாலாட்டை எடுத்தேன். "ஆராரோ ஆரிரரோ" என்று தொடங்கி, மாமன் சீர் கொண்டுவரும் இடம் வரை போய், அதோடு நின்றுவிட்டது. அறையில் அமைதி. ஒருவரும் சிரிக்கவில்லை. "மீதியை இன்னொரு நாள் கேட்கிறோம்" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

அதுதான் உறுத்தியது. கேலி செய்திருந்தால் தூங்கியிருப்பேன்.

ஜூலை 16, புதன் – இனிஷீர் தீவு

அரன் தீவுகள் மூன்றில் சிறியது. டூலினிலிருந்து படகு, கடல் குலுக்கிய குலுக்கலில் காலையில் தின்ற ரொட்டி தொண்டைவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. தீவு முழுக்கக் கல். பொறுக்கிய கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சிறு சிறு கட்டங்களாக வேலி போட்டிருக்கிறார்கள்.

அயர்லாந்து மொழி வீட்டிலும் தெருவிலும் புழங்கும் ஊர் இது. கோடையில் நாடெங்கிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய ஊர்களுக்கு வந்து, மூன்று வாரம்போல உள்ளூர் வீடுகளில் தங்கி மொழி கற்கிறார்கள். தங்களுக்குள்கூட ஆங்கிலம் பேசக்கூடாது. கடையில் என் முன்னால் நின்ற இரண்டு பையன்கள் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதற்கான சொல்லைத் தேடித் தவித்தார்கள். கடைக்காரர் என்ன வேண்டுமென்று தெரிந்தும் உதவவில்லை; சொல் வாயில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். வந்தபிறகு ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக் கொடுத்தார்.

இரவு ஒரு முதியவர் பாடினார். 'ஷான் நோஸ்', அதாவது பழைய முறை. பக்கவாத்தியம் இல்லை, தாளம் இல்லை. ஒரு சொல்லின் ஓரத்தில் குரல் நின்று, இழைந்து, வளைந்து இறங்குகிறது. கமகத்துக்குப் பழகிய காதுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணை மூடியபடி அவர் பாட, பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ராட்டினம் சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். சபாஷ் போடும் இடத்தில் இவர்கள் சொல்வது, "நீதான் என் இசை" என்று பொருள்படும் ஒரு தொடர். கடைசி அடியை அவர் பாடவில்லை. பேச்சுக் குரலில் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பாட்டு முடிந்து மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று அறிவிப்பதுபோல் இருந்தது.

அறைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் அக்காவை எழுப்பினேன். ஊரில் விடியற்காலை நான்கு மணி. "அம்மா தாலாட்டில் மாமன் சீருக்கு அப்புறம் என்னக்கா?" உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினாள். பிறகு திட்டினாள். பிறகு பாடினாள்.

ஜூலை 18, வெள்ளி – தர்லஸ்

அக்கா மகள் இந்நாட்டுக்கு வந்த முதல் மூன்று ஆண்டு டிப்பரேரியில்தான் வேலை பார்த்தாள். அதனால் அவள் டிப்பரேரிக்காரி. ஞாயிறன்று ஹர்லிங் இறுதி ஆட்டம், கார்க் மாவட்டத்தோடு. நுழைவுச்சீட்டு பெரும்பாலும் ஊர்ச் சங்கங்கள் வழியாகவே பிரிகிறது, காசு இருந்தால் மட்டும் கிடைத்துவிடாது. சரி, கழகம் பிறந்த ஊரிலேயே பார்ப்போமென்று தர்லஸ் வந்தோம். நீலமும் பொன்னிறமுமாகத் தெருவெங்கும் கொடி.

ஊருக்கு வெளியே ஒரு மட்டைப் பட்டறைக்குப் போனோம். ஹர்லி மட்டைக்கு ஆஷ் மரம்; அதிலும் தண்டு வேராக விரியும் அடிப்பகுதி மட்டுமே ஆகும், ஏனென்றால் அங்கே மரத்தின் ரேகையே வளைந்து ஓடுகிறது. பட்டறைக்காரர் ஒரு பலகையை வெளிச்சத்தில் பிடித்து, ரேகை கைப்பிடியிலிருந்து வந்து நுனியில் கொக்கிபோல் திரும்புவதை விரலால் தடவிக் காட்டினார். ரேகை குறுக்கே போனால் முதல் மோதலிலேயே பிளந்துவிடும். மட்டையின் அகன்ற நுனியைச் சுற்றித் தகரப்பட்டை அடித்து, எடை பார்த்து, வளைத்துப் பார்த்து, காதருகே கொண்டுபோய்த் தட்டிப் பார்த்தார். மத்தளம் வாங்குகிறவர் செய்வது அது. 2012இல் ஆஷ் மரங்களைக் காய்ந்துபோகச் செய்யும் பூஞ்சை நோய் இந்நாட்டில் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது உள்ளூர் மரம் அரிதாகிக்கொண்டு வருகிறது, மூங்கிலில்கூட மட்டை செய்கிறார்கள். மூங்கில் எப்படி என்று கேட்டேன். நல்ல மட்டைதான் என்றார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஓசை வேறு" என்றார்.

45 யூரோவுக்கு ஒன்று வாங்கினேன். விமானத்தில் இது ஆயுதமா விளையாட்டுச் சாமானா என்ற கவலையை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு – தர்லஸ்

மாலை மூன்றரைக்கு ஆட்டம், பகலிலேயே பப் நிரம்பிவிட்டது. பக்கத்து நாற்காலியில் சிவப்புச் சட்டை அணிந்த கார்க்காரர் ஒருவர், தனியாக. டிப்பரேரிப் பெண்ணைக் கட்டி முப்பது ஆண்டாக இங்கேதான் இருக்கிறாராம். கார்க் கடைசியாகக் கோப்பை வென்றது 2005இல். இந்த ஆண்டு எங்களுடையது என்றார். இந்த முறை முதல் சுற்றை நானே வாங்கினேன்: ஆறு பேருக்கு 34 யூரோ. வலித்தது, ஆனால் தலை நிமிர்ந்தது.

ஆட்டத்தைச் சொற்களில் பிடிப்பது கடினம். பதினைந்து பேருக்குப் பதினைந்து பேர், 70 நிமிடம். வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் ஒன்று. பந்து இங்கே இருக்கிறது என்று கண் சொல்வதற்குள் அது எண்பது மீட்டர் போய்விட்டிருக்கும். தலைக்கவசம் கட்டாயமானதே 2010இல்தான். இடைவேளையில் கார்க் ஆறு புள்ளி முன்னால். பப்பில் பேச்சே இல்லை. கார்க்காரர் மட்டும் முகத்தில் மகிழ்ச்சி தெரியாதபடி படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் நடந்ததை இந்த ஊர் என்றைக்கும் பேசும். டிப்பரேரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கோல் போட்டது. கார்க் ஓர் ஆட்டக்காரரை இழந்தது. அவர்களுக்குக் கிடைத்த பெனால்டியையும் டிப்பரேரியின் கோல் காவலர் தடுத்துவிட்டார். இரண்டாம் பாதி முழுவதும் கார்க் எடுத்தது இரண்டே புள்ளி. முடிவில், கோல்-புள்ளி என்ற கணக்கில், டிப்பரேரி 3-27, கார்க் 1-18. முன்பின் தெரியாத ஒருவர் என்னை இடுப்போடு தூக்கிவிட்டார். யாருடைய தேநீரோ என் சட்டையெல்லாம். அக்கா மகள் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தக் கூச்சலில் கார்க்காரரை ஒருவர்கூட நக்கல் செய்யவில்லை. ஒவ்வொருவராக வந்து தோளில் கைவைத்து, "நல்ல அணி உங்களுடையது" என்றார்கள். அவர் முன்னே கோப்பைகள் வரிசையாகச் சேர்ந்தன. இருட்டியபின் பாட்டுத் தொடங்கி, மூன்று நான்கு பேர் பாடியதும், ஒரு டிப்பரேரிக்காரர் எழுந்து தன் உரிமையைச் செலுத்தி அவரையே சுட்டினார். மறுக்க முடியாதே. எழுந்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, தம் ஊர் ஆற்றைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். கடைசி அடியை அவரும் பாடவில்லை, சொன்னார். பிறகு திரும்பி விரலை நீட்டினார், என்னை நோக்கி.

பாடினேன். மாமன் சீரையும் தாண்டி, அத்தை அடித்த மல்லிகைச் செண்டையும் தாண்டி, கடைசிவரை. இரண்டு இடத்தில் சுருதி நழுவியது. கார்க்காரர் என் வலக்கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார் என்பதே முடித்த பிறகுதான் தெரிந்தது.

"எந்த ஊர்?" என்று கேட்டார். நாட்டைச் சொன்னேன். "அதைக் கேட்கவில்லை, ஊர்?" கும்பகோணம் என்றேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்து நாவுக்குப் பழக்கிக்கொண்டு, என் மடியில் கிடந்த புது மட்டையைக் கண்ணால் காட்டிக் கேட்டார்:

"கும்பகோணம் கடைசியாகக் கோப்பை வென்றது எப்போது?"